படகு தரை தட்டும் வழி

எங்கள் குடும்பம் உல்லாசப் பயணம் என்று போனது ஒரே ஒரு முறைதான். எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்து ஏரி வற்றிய ஒரு வருஷம், வாடகை சைக்கிளில். அதற்குத் திட்டம் போட்டவள் நான். எனக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். போகிற வழி, நடுவில் நிற்கிற இடம், கட்டிக்கொள்ள வேண்டிய சோறு, சைக்கிளைத் தொட்டே பார்க்காத அம்மாவை எப்படிப் பழக்குவது என்று எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்து வைத்திருந்தேன். திரும்பி வருகிற வழியை மட்டும் யோசிக்கவில்லை. திரும்பி வருவதாக இல்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துத்தான் இறங்க வேண்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நைனாவைப் பொறுத்தவரை பாடு என்பது மற்றவர்களுக்கு. ஒரு நாள் பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர், "இன்னிக்கி எங்க பாடு" என்று படகை மறித்தார். நைனா துடுப்பைத் திருப்பிப் பிடித்து அவர் தாடையில் ஒரு போடு போட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு வெகுகாலம் கஞ்சிதான் குடித்தார். பல் தெறித்துப் படகுக்குள் விழுந்ததை எங்கள் ஊர் ஆண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஊருக்கு அப்படி ஒரு முரடன் தேவைப்பட்டான். வீட்டுக்குத் தேவைப்படவில்லை.

மற்ற ஆண்கள் துடுப்பைப் படகிலேயே போட்டுவிட்டு வருவார்கள். நைனா தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கதவோரம் சாய்த்து வைப்பார். குழம்பில் உப்பு கூடினாலும் அதை எடுப்பார், குறைந்தாலும் எடுப்பார். உப்பு சரியாக இருந்தால், "இன்னாடி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீறே?" என்று எடுப்பார். அம்மாவின் முதுகில் அந்தப் பலகையின் அகலம் அப்படியே பதிந்திருக்கும். நானும் தங்கையும் அடுப்புக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வோம். அவள் அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த சிறுமி. அடி விழும் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முடிந்துவிட்டதா என்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால்தான் கையை எடுப்பாள்.

இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு அம்மா எதற்கு இருந்தாள், போயிருக்கலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் எல்லோரும் பஸ் போகிற ஊர்க்காரர்கள். எங்கள் ஊரிலிருந்து வெளியே போவதென்றால் படகு ஏற வேண்டும். எல்லாப் படகும் ஆண்களுடையது, எல்லா ஆண்களும் நைனாவுக்குப் பங்காளி. கல்யாணமான ஒருத்தி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூட்டையோடு துறைக்கு வந்தால், படகுக்காரர் முதலில் கேட்பது, "வூட்ல சொல்லிட்டியா?" என்பதுதான். புருஷன் வாயால் சரி என்று சொல்லாமல் அவளை ஏற்றிக்கொண்டு போனால், பஞ்சாயத்து அந்தப் படகுக்காரரின் பாட்டைப் பிடுங்கிவிடும். பாடு போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் ஒருவரும் ஏற்ற மாட்டார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் எவரோ, அவர் நன்றாக இருக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா ஒரு தடவை முயன்றாள். எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, தன் தம்பிக்கு உடம்பு சரியில்லை, நைனாவிடம் சொல்லியாயிற்று என்று பொய் சொல்லிப் படகேறினாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஏரியின் மேற்குக் கரையில் இருந்தார். படகு சித்தப்பாவுடையது. நைனாவின் சித்தப்பா பையன் அவர். பாதி ஏரியில் பேச்சோடு பேச்சாகத் தங்கையிடம், "எப்போ திரும்பி வருவீங்க?" என்று கேட்டார். "வரமாட்டோம். அங்கேயே இருக்கப்போறோம்" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

சித்தப்பா கோலை ஊன்றிப் படகைத் திருப்பினார். அம்மா அவர் காலைப் பிடித்தாள். "அண்ணி, எம் பாடு பூடும் அண்ணி" என்று அவரும் அழுதார். அழுதுகொண்டே தள்ளினார். துறையில் நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். படகு கரையைத் தொடுவதற்குள் அம்மாவை முடியைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் போட்டார். முக்கினார், தூக்கினார், மறுபடியும் முக்கினார். பிறகு கரைக்கு இழுத்துப் போய்த் துடுப்பால் அடித்தார். அம்மா இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஊரே நின்று பார்த்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கையை நிறுத்தாமல் பார்த்தார். அவரைத்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கட்டுப் போட்ட கை கோணலாகக் கூடிற்று. அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. மறுநாள் ஒற்றைக் கையால் சோறு வடித்து, நைனாவுக்கு எடுத்து மூடி வைத்தாள். அவருக்குச் சோறு எடுத்து வைக்காத நாள் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து கிடையாது.

அதற்குப் பிறகுதான் மழை பொய்த்தது. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டது. ஏரி வற்றி வற்றி, எங்கள் ஊருக்குப் பின்னால் சேறு காய்ந்து வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. படகுத்துறை நடுவெயிலில் தரையில் நின்றது. ஆண்கள் கடல் பக்கம் தொழிலுக்குப் போனார்கள். நான் பழவேற்காட்டில் பள்ளிக்கூடம் போன நாட்களில் தோழிகளோடு சேர்ந்து வாடகை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அந்த வெள்ளைத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. சைக்கிள் யாரையும் கேட்காது. நடந்து போனால் சின்னவளை வைத்துக்கொண்டு வெயிலில் பாதி வழி தாண்டுவதற்குள் பிடித்துவிடுவார்கள். சைக்கிளில் போனால் பிடிக்க முடியாது.

நைனாவிடம் நானே போய்க் கேட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு எல்லோரும் சித்ரான்னம் கட்டிக்கொண்டு எங்கேயாவது போகிறார்கள், நாங்கள் வாடகை சைக்கிள் எடுத்து ஏரிக்குள்ளே உடைந்த படகு வரைக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றேன். ஏரி நடுவில் ஒரு பழைய படகின் எலும்புக்கூடு தரை தட்டிக் கிடந்தது. நைனா சிரித்துச் சிரித்து இருமினார்.

"உங்கம்மா சைக்கிள் ஓட்றாளா? அவ வுழுறத நான் பாக்கணுமே. எட்தாங்க, எட்தாங்க."

அம்மா விழுவதைப் பார்க்கிற ஆசையில் அனுமதி கொடுத்த மனிதர் அவர். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பழவேற்காட்டு சைக்கிள் கடை பாய், வாடகைக்குப் பதிலாக ஒரு கூடைக் கருவாடு வாங்கிக்கொண்டு இரண்டு சைக்கிள் கொடுத்தார். ஒன்று எனக்குப் பெரியது, ஒன்று அம்மாவுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். "உப்புல ஓட்டி பேஜார் பண்ணிடாதம்மா, ரிம்மு பூடும்" என்று பத்துத் தடவை சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் இருந்ததால் சைக்கிள்களைச் சித்தப்பாதான் படகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அம்மாவைப் பாதியில் திருப்பிய படகு சைக்கிளை ஏற்றியது. எங்கள் ஊரில் சைக்கிளை வைத்துக்கொண்டு யாரும் எங்கேயும் போனதில்லை. அது பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

ஆண்கள் கடலுக்குப் போனதும் பழக ஆரம்பித்தோம். அம்மா சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். விழுந்தாள். எழுந்தாள். முழங்கால் சிராய்ந்து ரத்தம் வழிந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் உப்புத் தரையில் தேய்த்துத் துடைத்துக்கொள்வாள். அந்த எரிச்சலுக்கெல்லாம் அவள் கத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் வேலிக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். பிறகு ஒருத்தி வந்து சீட்டைப் பிடித்தாள். அப்புறம் இன்னொருத்தி வந்தாள். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒருத்தியின் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அவள்தான் எல்லோரையும்விட வேகமாகத் தள்ளினாள்.

கொஞ்ச நாளில் அம்மா நேராக ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் இரண்டு விஷயம் அவளுக்கு வரவே இல்லை. கோணல் கையால் பிரேக் பிடிக்க முடியாததால் நிறுத்தத் தெரியாது. பக்கவாட்டில் விழுவதுதான் நிறுத்துவது. இன்னொன்று, தானாக ஏறத் தெரியாது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது மேடாக எதையாவது பற்றிக்கொண்டு ஏற வேண்டும். அதனால்தான் நடுவில் நிற்கிற இடமாக உடைந்த படகை வைத்தேன். அதன் கட்டையைப் பிடித்து அவளால் ஏறிக்கொள்ள முடியும். அங்கே தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது என்பது என் கட்டளை.

வழி விஷயத்தில் அம்மா என்னோடு சண்டை போட்டாள். "வழி எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து போய் வர்ற வழி" என்று படகு போகும் வழியிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். ஓட்டினோம். மேலே காய்ந்து வெடித்து உறுதியாகத்தான் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் முன்சக்கரம் அப்படியே இறங்கிற்று. சைக்கிளை மீட்பதற்குள் தொடைவரை கறுப்புச் சேறு. அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. படகு போகும் வழி என்பது ஆழம். ஆழமான இடம்தான் கடைசியாகக் காயும். நாங்கள் தண்ணீரில் வளர்ந்தவர்கள். வழி என்றாலே ஆழத்தைத் தேடிப் போகிற புத்தி எங்களுக்கு. சைக்கிளுக்கு வேண்டியது படகு தரை தட்டுகிற வழி. மறுநாளே சிப்பி ஓடு நொறுங்கிக் கெட்டியாகக் கிடக்கும் மேடுகளைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அந்த மேடுகள் வடக்கே சுற்றி வளைந்து மேற்குக் கரைக்குப் போயின. தூரம் அதிகம். ஆனால் சக்கரம் இறங்காது.

ஆடிப் பதினெட்டு அன்று நைனா விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விட்டார். அம்மா விழுகிற வேடிக்கையை வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டிக்கொண்டோம். மாற்றுத் துணியை விரிப்புத் துணிக்குள் சுருட்டி வைத்தோம். தங்கை என் கேரியரில். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து அம்மாவை ஏற்றிவிட்டார்கள். கண்ணுக்குக் கீழே கன்றியவள் ஒரு தள்ளுத் தள்ளி, "போ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆடி மாதத்து மேல்காற்று மூஞ்சியில் அறைந்தது. உப்பும் மண்ணும் கண்ணில் விழுந்தது. மிதிக்க மிதிக்க இடம் நகராததுபோல் இருந்தது. உடைந்த படகுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா வழக்கம்போல் விழுந்துதான் நின்றாள். படகின் நிழலில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். தங்கை நிஜமாகவே உல்லாசப் பயணம் என்று நினைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவளிடம் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"நைனாவுக்குச் சோறு எடுத்து வெச்சியா?" என்று கேட்டேன்.

"வெக்கல."

"இன்னாம்மா இப்பிடிப் பண்ணிட்டே! பானையைப் பாத்ததுமே தெரிஞ்சிடுமே!"

"தெரியட்டும்" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறிற்று. இவ்வளவு திட்டம் போட்ட எனக்கும் ஒரு தட்டுச் சோறு தோன்றவில்லை. திட்ட வாயைத் திறந்தபோதுதான் கிழக்கே பார்த்தேன். வெள்ளைத் தரையில் ஒரு கறுப்புப் புள்ளி. ஓடி வந்துகொண்டிருந்தது. தோளில் துடுப்பு.

சோற்றை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். அம்மா படகுக் கட்டையைப் பிடித்து ஏறினாள். ஏறும்போது ஒரு தடவை தவறிற்று, இரண்டாவது தடவை ஏறினாள். நாங்கள் சிப்பி மேட்டின் மேல் வடக்கே வளைந்து போனோம். நைனா எங்களைக் குறுக்கே பிடித்துவிடலாம் என்று நேராக வெட்டி வந்தார். எதிர்க்காற்றில் அவர் குரல் பிய்ந்து பிய்ந்து கேட்டது. வெட்டுவேன் என்றும் கொளுத்துவேன் என்றும் இரண்டு வார்த்தை மட்டும் முழுசாக வந்தது. தங்கை என் முதுகில் முகத்தைப் புதைத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். பிடியை விட்டுவிட்டுப் பொத்திக்கொண்டாள். "இடுப்பைப் பிடிடி!" என்று கத்தினேன்.

அவர் கிட்டத்தில் வந்துவிட்டார். துடுப்பின் நுனியில் கட்டியிருந்த கயிறு தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். ஏரியில் அவரைப்போலப் படகோட்டத் தெரிந்தவர் யாரும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். அந்தப் படகு வழியில்தான் ஓடிவந்தார். திடீரென்று முழங்கால்வரை இறங்கினார். அந்தக் காலைப் பிடுங்க இந்தக் காலை ஊன்றினார். தொடைவரை போயிற்று. கோபத்தில் உதறினார். இடுப்புவரை போயிற்று.

அவர் அங்கேயே சாகட்டும் என்று நினைத்தேன். சும்மா நினைக்கவில்லை, வேண்டிக்கொண்டேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

"ஏ புள்ள... முழுகிக்கினு கீறேன்... கைய குடு..." என்று கேட்டது. அந்தக் குரலில் நைனா பேசி நான் கேட்டதே இல்லை.

பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அம்மா விழுந்திருந்தாள். விழவில்லை, நிறுத்தியிருந்தாள். எழுந்து அவரைப் பார்த்து நடந்தாள்.

"அம்மா, போகாதே! எறங்கினா உன்னால ஏற முடியாதும்மா!" என்று அலறினேன். அவள் திரும்பவில்லை. கெட்டித் தரை முடிகிற விளிம்பில் போய் நின்றாள். நைனா துடுப்பின் பலகைப் பக்கத்தை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் பற்றிக் குதிகாலை ஊன்றி இழுத்தாள். கோணல் கை வழுக்க வழுக்க இழுத்தாள். சேறு விட்டுக்கொடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. இடுப்பு வெளியே வந்தது. தொடை தெரிந்தது. இனி இரண்டு இழுப்பில் அவர் மேலே வந்துவிடுவார், நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் போவோம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நைனாவுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்தது.

"இழுடி. மேல வரட்டும், அந்த இன்னொரு கையையும் முறிச்சு அடுப்புல வெக்கிறேன்."

அம்மா இழுப்பதை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு துடுப்பை ஒரே திருகாகத் திருகிப் பிடுங்கினாள். அவருடைய சேற்றுக் கையிலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்தது. அதைத் திருப்பிப் பிடித்து, நீட்டிக்கொண்டிருந்த அவருடைய வலது கையின் மேல் ஓங்கி இறக்கினாள். ஒரே அடிதான். அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நைனா ஊளையிட்டார்.

துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வீட்டுக்குள் அவர் வருவாரே, அப்படி. என்னைப் பிடிக்கச் சொல்வாள் என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். சிப்பி மேட்டில் துடுப்பைக் குத்தி, ஆட்டி, அழுத்தி நட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். ஒரே தடவையில் ஏறிவிட்டாள்.

நைனா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் சேற்றில் இறால் தடவ வந்த பெண்கள் சேலைகளை முடிந்து வீசி அவரை இழுத்துப் போட்டார்களாம். யார் இப்படிச் செய்தது என்று அவர்கள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லையாம். பாய் ஆள் அனுப்பி சைக்கிள்களை வாங்கிக்கொண்டு, துருவேறிய ரிம்மைப் பார்த்து எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினாராம். அவர் திட்டியது நியாயம்தான்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த பிறகுதான் பஞ்சாயத்துக்காரர்கள் மாமா வீட்டுக்கு வந்தார்கள். படகில்தான் வந்தார்கள். நைனாவும் வந்திருந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். சித்தப்பா தன் பாடு போய்விடுமோ என்ற பயத்தில் ஓரமாக நின்றார்.

"எந்தப் படகுல வந்தே?" என்று தலைவர் அம்மாவைக் கேட்டார்.

"படகுல வரல."

"யாரு இட்டாந்தது?"

"யாரும் இட்டாரல. நானே ஓட்டிக்கினு வந்தேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய பாட்டைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. இப்படி ஒரு வழக்கு அவர்களுக்கு வந்ததே இல்லை. கடைசியில் தலைவர் நைனாவின் பக்கம் திரும்பி, "நீ இன்னாதான் கேக்கறே, சொல்லு" என்றார்.

பெண்டாட்டியைக் கேட்பார், பிள்ளைகளையாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எந் துடுப்பு" என்றார்.

"நட்ட எடத்துலதான் கீது" என்றாள் அம்மா. "போய் எடுத்துக்கச் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பி ஏரியைப் பார்த்தார்கள். அது கரை வரைக்கும் நிரம்பியிருந்தது.